அறிவூற்று

விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, யாரோ ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்குகிற மாதிரி இருந்தது தங்கப்பொண்ணுக்கு. கல் உடைக்கிற வீட்டில் பிறந்தவள். ஆப்பு எப்படி இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் சின்னதாக ஒரு கீறல் விழும். அப்புறம் அடிக்க அடிக்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கடைசி அடியில் பாறை பாளமாகப் பிளந்துகொண்டு விழும்.

வேதியியல் வகுப்பில் அந்தக் கடைசி அடி விழுந்தது. பேராசிரியர் கரும்பலகையில் நீரின் மூலக்கூறை வரைந்துகொண்டிருந்தார். தங்கப்பொண்ணு பெஞ்சோடு சரிந்தாள்.

தென்கூடல் பல்கலைக்கழகம் திருமங்கலம் போகிற வழியில், நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் பரந்து கிடக்கிறது. பெண்கள் விடுதிக்கு வைகை இல்லம் என்று பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆற்றுக்காவது சித்திரைத் திருவிழாவுக்கு அணையைத் திறந்துவிடுவார்கள். விடுதிக் குழாய்க்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. காலையில் ஒரு லாரி வரும். ஆளுக்கு ஒரு வாளி. அதில் குளிக்கலாம், அல்லது துவைக்கலாம், அல்லது கக்கூசுக்கு ஊற்றலாம். மூன்றில் எதைச் செய்வது என்பதை அவரவர் அறிவுக்கு விட்டிருந்தார்கள். உயர்கல்வி என்றால் சுயமாக முடிவெடுக்கப் பழகுவது.

அந்த விடுதியில் ஆளைவிட வாளிக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு வாளியிலும் நகப்பாலிஷில் பேர் எழுதியிருக்கும். வாளி வரிசையில் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் வாளியை நகர்த்துவது கொலைக்குக் கொஞ்சம் கீழே. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் ஒன்று உண்டு.

"மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்காதடி. உள்ள போனா வெளிய வரும். வெளிய வந்தா ஊத்தணும்."

தங்கப்பொண்ணு சொன்ன பாடத்தைத் தட்டாமல் படிக்கிறவள். இதையும் அப்படியே படித்தாள். பலன், பெரியாஸ்பத்திரி.

ஆட்டோ பிடித்து அவளைக் கொண்டு சேர்த்தவள் அறைத்தோழி ரூத். கொடைரோட்டுக்காரி. அவள் அம்மா மிஷன் பள்ளிக்கூட டீச்சர். ரூத்துடைய வாய் மட்டும் எந்த மிஷனுக்கும் அடங்காது. "செத்துக்கித்துத் தொலஞ்சிறாதடி, ஒன் வாளிக்கு இப்பவே நாலு பேரு போட்டி" என்று சொல்லிக்கொண்டே வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தண்ணி குடிக்க மாட்டியா நீ?"

"குடிச்சாப் போகணும் டாக்டர்."

"போறதுக்கென்ன?"

"போனா ஊத்தணும் டாக்டர்."

டாக்டரம்மா சீட்டில் எழுதினார்: போதிய நீர் அருந்தாமையாலும் நெடுநேரம் சிறுநீரை அடக்கியமையாலும் ஏற்பட்ட சிறுநீரகத் தொற்று. எழுதும்போது பேனாவை ரொம்ப அழுத்தினார்.

மேலூருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா மலையம்மாள் வந்து சேர்ந்தாள். குவாரி மூடுகிறவரைக்கும் கல் உடைத்தவள், இப்போது நடவுக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறவள். மகள் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, கருவ மறவுல ஒதுங்குன எங்களுக்கு ஒரு சீக்கும் வரல. கட்டடத்துக்குள்ள போயி நீ சீக்கு வாங்கிட்டு வந்திருக்கியே. தண்ணிய வாயில விடாம, பாட்டில்ல கட்டி நரம்புல விடுறாக. இதுக்கா படிக்கப் போன?"

தங்கப்பொண்ணு திரும்பி வந்தபோது வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. பரீட்சை எழுத முடியாது. எழுதாவிட்டால் இறுதி ஆண்டு போச்சு. ஊரில் அவள் தம்பிக்காரன் கல்லூரிக்குப் போகாமல் திருப்பூர் போனதே அக்கா முடித்து வருவாள் என்றுதான். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஹால்டிக்கெட்.

அதற்கு வழி இருந்தது. வருகைக் குறைவு மன்னிப்பு என்று அதற்குப் பெயர். மாணவி தனக்கு நோய் வந்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் பெரிய மனசு பண்ணி மன்னிக்கும்.

"வார்டன் கையெழுத்து வாங்கிட்டு வா பாப்பா, முடிஞ்சது சோலி" என்றார் தேர்வுப் பிரிவு கிளார்க் சோணைமுத்து. அவர் நல்ல மனுசர். எல்லோரையும் நல்லபடியாகப் பேசித்தான் திருப்பி அனுப்புவார்.

வார்டன் மேடம் ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"போதிய நீர் அருந்தாமையா? ஏம்மா, ஒனக்கு வேற நோயே கெடைக்கலியா?"

"இதுதான் மேடம் வந்துச்சு."

"டைபாய்டு இருக்கு, மஞ்சக்காமாலை இருக்கு. போன மாசம் ஆன்மேரிக்கு டெங்கு வந்துச்சு. அழகா வந்துச்சு, அழகாக் கையெழுத்துப் போட்டேன். டெங்குன்னா கொசுவோட தப்பு. இது யாரோட தப்புன்னு கேப்பாங்கள்ல?"

மேடம் சீட்டை மேசையில் போட்டார்.

"நம்ம விடுதியில இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வருதுன்னு, பல்கலைக்கழகத்துக்கு மார்க் போட வரப்போற தரக்குழுவுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஆகவே தண்ணி வருது. தண்ணி வர்ற எடத்துல தண்ணி குடிக்காம யாருக்கும் நோய் வராது. நோய் வரலைன்னா நீ ஆஸ்பத்திரிக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா வகுப்புக்கு ஏன் வரல? சொல்லு."

தங்கப்பொண்ணு யோசித்துப் பார்த்தாள். எங்கே பிசகு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "தெரியலியே மேடம்" என்றாள்.

"தெரியாம ஒரு காரியத்தைப் பண்ணலாமா? போ. நீர்வள உயராய்வு மையத்து இயக்குநரைப் பாரு. விடுதியில தண்ணி இல்லைன்னு அவர் எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போடுறேன்."

நீர்வள மேலாண்மை உயராய்வு மையம் ஏசி கட்டடம். வாசலில் மினரல் வாட்டர் கேன்கள் அடுக்கியிருந்தன. இயக்குநர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஏழெட்டுக் கோடுகள் மலைபோல ஏறி இறங்கின. ஒன்று மட்டும் தரையோடு தரையாகச் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது.

"இதுதான் வைகை இல்லம். குழாய் மீட்டர் காட்டுற அளவு. கோடே கண்ணுக்குத் தெரியல பாத்தியா? அம்புட்டுச் சிக்கனம்! இந்த நாட்டுலயே ஒரு மாணவிக்கு ஆகுற தண்ணிச் செலவு இம்புட்டுக் கம்மியா எங்கயும் கெடையாது."

"குழாய்ல தண்ணி வரல சார். அதான் மீட்டர் ஓடல."

"காரணத்தை நாங்க பாக்குறதில்லம்மா. வெளைவைத்தான் அளக்குறோம். இது ஆராய்ச்சி மையம்."

"லாரியில வருதே சார், அந்தத் தண்ணி?"

"அது போக்குவரத்துக் கணக்குல வரும். தண்ணிக் கணக்குல வராது."

இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊர் எது, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், வீட்டில் முதலில் படிக்க வந்தவளா என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் வெளிச்சம் கூடியது.

"கல்லு ஒடைக்கிற வீட்டுப் பொண்ணு. முதல் தலைமுறை. தண்ணி குடிக்காமலே எம்.எஸ்ஸி. படிக்குது. இதுக்கு மேல ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்னம்மா வேணும்? தரக்குழு முன்னாடி நீ பேசு. எழுதி நான் தாரேன். வார்டன் கையெழுத்துக்கு நான் பொறுப்பு."

தங்கப்பொண்ணு அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ரூத் கட்டிலில் புரண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பேசிருடி. ஹால்டிக்கெட்டை வாங்கு. மானம் ரோசமெல்லாம் பட்டம் வாங்குனப்புறம் வச்சுக்கலாம்" என்றாள்.

தரக்குழு வருவதற்கு முந்திய வாரம் பல்கலைக்கழகத்தில் யாரும் பாடம் நடத்தவில்லை. தரத்தை உயர்த்தும் வேலையில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். நர்சரியிலிருந்து ரோஜாத் தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கின. கருவேலமரங்களில் மரப்பெயர்ப் பலகை அடித்து 'வறட்சி தாங்கும் மூலிகைத் தோட்டம்' ஆக்கினார்கள். விடுதிக் கக்கூஸ்களில் பளபளவென்று புதுக் குழாய்கள் வந்தன. ரூத் ஒன்றைத் திருகிப் பார்த்தாள். குழாய் கையோடு வந்துவிட்டது. பின்னால் பைப் இல்லை. சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று எழும்பியது. பளிங்குத் தாமரை, நடுவில் ஒரு புத்தகம், புத்தகத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அறிவூற்று என்று பெயர் பொறித்தார்கள்.

கடைசியாக வார்டன் மேடம் விடுதியைச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படி நெடுக வாளிகள். அவருக்குச் சுரீர் என்று ஓர் உண்மை உறைத்தது.

"தண்ணி வர்ற விடுதியில வாளி எதுக்கு?"

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. வாளி வைத்திருப்பது ஒழுங்கீனம். எல்லா வாளிகளையும் விளையாட்டுச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் லாரியும் வந்தது. வாளி இல்லாத பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். லாரி விடுதியைத் தாண்டிப் போய் அறிவூற்றின் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"மாப்ள, குழாயை உள்ள விடு, தாமரைக்குத் தண்ணி காட்டணும்" என்று டிரைவர் கிளீனரிடம் சத்தம் போட்டது விடுதி வரைக்கும் கேட்டது.

தரக்குழு வந்தது. நாதஸ்வரம், கரகாட்டம், பூரண கும்பம். கும்பத்தில் தண்ணீர் இருந்தது. குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்தவர், பெரியவர், தமிழ் தெரியாது. உறுப்பினர்களில் ஒரு அம்மாவுக்கு மட்டும் தமிழ் தெரியும். எல்லோருக்கும் பொன்னாடை, மீனாட்சியம்மன் சிலை, தட்டு நிறைய முந்திரிப்பருப்பு.

துணைவேந்தர் எழுந்தார். அவர் பேச எழுந்தால் மைக் தானாகவே ஊளையிடும்.

"நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். குறிஞ்சியில் அருவி இருந்தது. முல்லையில் காட்டாறு இருந்தது. மருதத்தில் கால்வாய், நெய்தலில் கடல். ஆனால் உயர்ந்த கவிதைகள் எங்கே பிறந்தன? பாலையில்! தண்ணீர் இல்லாத இடத்தில்தான் உணர்ச்சி பிறக்கிறது. அதனால்தான் இந்த வளாகத்தை நாங்கள் பாலையாகவே பாதுகாத்து வருகிறோம்."

கைதட்டல்.

"நான் படித்த காலத்தில் விடுதிகளில் தண்ணீர் கொட்டியது. விளைவு? குளித்துக்கொண்டே இருந்தோம். வாழ்க்கையில் உருப்பட்டோமா? இல்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்விக்குத் தேவை தாகம். கட்டடம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். தாகத்தை உண்டாக்குகிற பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது? எங்கள் மாணவிகள் ஒவ்வொருவரிடமும் அந்தத் தாகத்தை உண்டாக்கியிருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்!"

பேசி முடித்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பொத்தானை அமுக்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அறிவூற்று எழும்பியது. புத்தகத்திலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி, வெயிலில் மினுங்கி, தாமரையில் விழுந்து வழிந்து, தரையில் ஓடியது.

தங்கப்பொண்ணு மேடையில் நின்றிருந்தாள். கையில் இயக்குநர் எழுதிக்கொடுத்த தாள். அதில் 'நீரின்றி அமையாது உலகு. ஆயினும் அமைந்தது எம் விடுதி' என்று தொடங்கியிருந்தது. முந்தின நாளிலிருந்து அவள் முகம் கழுவவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. வழிந்து ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள். விலாவுக்குக் கீழே ஆப்பு அசைந்தது. தாளை மடித்தாள்.

"நான் மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல. எங்க விடுதியில ஒருத்தரும் குடிக்கிறதில்ல. குடிச்சாப் போகணும். போனா ஊத்தத் தண்ணி இல்ல. அடக்கி அடக்கி எனக்கு உள்ள சீழ் கட்டிருச்சு. அந்தக் கக்கூஸ்ல இருக்கிற குழாயெல்லாம் ஒட்டவச்ச குழாய். எங்க அம்மா குவாரியில கல்லு ஒடச்சாங்க. அந்த முதலாளி ரொம்ப மோசமானவரு, கூலியே தரமாட்டாரு. அவரு கூட ஒரு பானையில தண்ணி வச்சிருந்தாரு."

வார்டன் மேடம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். குழுத் தலைவர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநருக்கு வியர்க்கக்கூட இல்லை. தலைவரின் காதருகே குனிந்து இங்கிலீஷில் சொன்னார்:

"இந்த மாணவி மதியத்துக்குப் பிறகு நீர் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருக்கிறாள். விடுதி முழுவதும் இந்த விரதத்தைக் கடைப்பிடிக்கிறது. அவள் தாயாரிடமிருந்து வந்த பழக்கம்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து தன் பொன்னாடையை எடுத்துத் தங்கப்பொண்ணுக்குப் போர்த்தினார். தமிழ் தெரிந்த அந்த அம்மா குனிந்தபடி முந்திரிப்பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பருப்பை எடுத்து, பாதி கடித்து, மறுபடி தட்டில் வைத்தார்.

ரூத் கீழேயிருந்து கத்தினாள், "பொய்யி! அவரு பொய்யாச் சொல்றாரு!" அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர்கள் ஊதினார்கள். ஊதச் சொல்லி ஏற்பாடு இருந்தது.

மறுநாள் காலையில் தங்கப்பொண்ணு பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனாள்.

"வார்டன் கையெழுத்துப் போட்டுட்டாக பாப்பா" என்றார் சோணைமுத்து. "ஆனா பதிவாளரு தள்ளுபடி பண்ணிட்டாரு."

"ஏண்ணே?"

"தரக்குழு அறிக்கையில ஒன் பேரு வந்துருச்சுல்ல. 'மாணவியர் நீர் நோன்பு' அப்படின்னு, சிறந்த நடைமுறைன்னு எழுதிட்டாக. நோன்புன்னா நீயா விரும்பி இருக்குறது. தானா வரவழச்சுக்கிட்ட நோய்க்கு மன்னிப்புக் கெடையாதுன்னு விதி இருக்கு. நானும் சொல்லிப் பாத்தேன். விதி விதிதான்னுட்டாரு."

அவள் வெளியே வந்தாள். தரக்குழுவின் கார்கள் போய்விட்டன. அறிவூற்று மட்டும் நிறுத்த ஆளில்லாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வழிந்த தண்ணீரில் இரண்டு காக்காய்கள் முங்கி முங்கிக் குளித்தன. அவற்றுக்கு எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை.

தங்கப்பொண்ணு விடுதிக்கு நடந்தாள். விளையாட்டுச் சாமான் அறையின் முன்னால் நின்றாள். பக்கத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கினாள். பூட்டு முதல் அடியில் வாயைப் பிளந்தது.

"வாங்கடி" என்றாள். அதுவரைக்கும் அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வைகை இல்லம் மொத்தமும் வாளியோடு இறங்கியது. நிர்வாகக் கட்டடத்துக் காவலாளி அழகுபாண்டி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏத்தா, ஏத்தா! அது புழங்குற தண்ணி இல்லத்தா! பாக்குற தண்ணி!"

"பாத்துட்டோம்ணே" என்று ரூத் வாளியைத் தாமரைக்குள் இறக்கினாள்.

பளிங்குப் புத்தகத்தைச் சுற்றி வாளிகள் முட்டின. பிள்ளைகள் அங்கேயே முகம் கழுவினார்கள், சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி தலையை அப்படியே ஊற்றுக்குள் கொடுத்து நின்றுவிட்டாள். யாரோ செல்போனில் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் மதுரை முழுக்கச் சுற்றியது.

துணைவேந்தர் அவசரக் கூட்டம் போட்டார். படத்தில் முன்னால் நிற்கிற பெண் யார் என்று கேட்டார். சிறந்த நடைமுறை என்றார்கள். தர மதிப்பீடு அறிவிக்கும் வரைக்கும் சிறந்த நடைமுறை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று முடிவானது. கருணை அடிப்படையில் தங்கப்பொண்ணுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

"பாத்தியா பாப்பா, பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நெஞ்சு இருக்கு" என்றார் சோணைமுத்து. "மத்தவளுகளுக்கு ஹால்டிக்கெட்டு எப்பவோ குடுத்தாச்சு. ஒன்னோடது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. எல்லா எடத்துலயும் நிலுவை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. கையில குடுத்துர்றேன்."

நூலகம் போட்டது. உணவகம் போட்டது. சோதனைச்சாலையில், அந்த வருசம் தண்ணீர் இல்லாமல் செய்முறையே நடக்காததால் எதையும் உடைக்க வாய்ப்பில்லை என்று சந்தோசமாகப் போட்டார்கள். கடைசியாக நீர்வள மையம். அங்கே எழுத்தர் ஓர் ஏட்டைப் புரட்டி, அவள் பேருக்கு நேரே விரலை வைத்தார்.

அறிவூற்றின் தண்ணீர் பல்கலைக்கழகச் சொத்து. எடுத்தவர்கள் திருப்பித் தர வேண்டும். பணமாக வாங்க முடியாது. தண்ணீருக்கு விலை வைப்பது பல்கலைக்கழகத்தின் நீர்க்கொள்கைக்கு விரோதம். எனவே ஒரு வாளிக்கு ஒரு வாளி.

தங்கப்பொண்ணு அம்மாவுக்குப் போன் போட்டாள். மலையம்மாள் முழுதாகக் கேட்டாள். "ஒரு வாளித் தண்ணியா? அம்புட்டுத்தானா? நாளைக்கு வெள்ளன வாரேன்" என்றாள்.

மறுநாள்தான் முதல் பரீட்சை. மலையம்மாள் ஊர் அடிபம்பில் தண்ணீர் அடித்து, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து திருமங்கலம் பஸ்.

"என்னத்தா, மதுரைக்கே தண்ணி கொண்டு போறியா?" என்று கண்டக்டர் கிண்டலடித்தார்.

"பெரிய படிப்புப் படிச்சவுகளுக்குக் கடன் அடைக்கப் போறேன்" என்றாள் மலையம்மாள்.

நீர்வள மையத்தில் கேனை மேசை மேல் வைத்தார்கள். இயக்குநர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"எங்க ஊரு அடிபம்புத் தண்ணிங்கய்யா. கல்கண்டு மாதிரி இருக்கும்."

"அதாம்மா சிக்கல். இவ எடுத்தது அறிவூற்றுத் தண்ணி. இது வேற தண்ணி. தரம் ஒண்ணுதானான்னு பரிசோதிக்கணும்."

"பரிசோதிங்கய்யா."

"பரிசோதிக்கச் சோதனைக்குழாயைக் கழுவணும். கழுவ லேப்ல தண்ணி இல்ல."

"இதுல கொஞ்சம் ஊத்திக் கழுவுங்களேன்."

"பரிசோதிக்காத தண்ணியில எப்படிம்மா கழுவுறது?" இயக்குநர் பொறுமையாகச் சொன்னார். படிக்காதவர்களிடம் அவர் எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவார். "அதுவும் போக, தண்ணி வரவு வைக்க எங்க கணக்குல தலைப்பே இல்ல. இதுவரைக்கும் இந்த மையத்துக்குத் தண்ணி வந்ததில்ல. புதுத் தலைப்புக்கு ஆட்சிக்குழு ஒப்புதல் வேணும். அடுத்த கூட்டம் பரீட்சையெல்லாம் முடிஞ்சப்புறம்."

தூரத்தில் பரீட்சை ஹாலில் முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஹால்டிக்கெட் சோணைமுத்துவின் மேசை டிராயரில் இருந்தது. தங்கப்பொண்ணு அங்கே ஓடலாமா, இங்கே காலில் விழலாமா என்று நின்றாள். காலில் விழ இடுப்பு வளையவில்லை.

"அப்ப நிலுவைன்னு எழுதுனதை அடிச்சிருங்கய்யா" என்றாள் மலையம்மாள்.

"நிலுவை இருக்கும்போது எப்படி அடிக்கிறது?"

"அப்ப வாங்கிக்கங்க."

"வாங்க வழி இல்லையே."

இரண்டாம் மணி அடித்தது. மலையம்மாளுக்குப் பரீட்சை மணி தெரியாது. ஆனால் மகள் முகம் செத்ததைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

"முடிஞ்சு போச்சாத்தா?"

தங்கப்பொண்ணு தலையாட்டினாள்.

மலையம்மாள் கேனின் மூடியைத் திருகினாள். இயக்குநரின் மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, அதிலிருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, நிறைய ஊற்றினாள்.

"இந்தா. குடி."

"யம்மா, குடிச்சா..."

"குடிடீங்கிறேன். வந்தா வரட்டும். இந்த ஏசிக்குள்ளயே போ. யாரு கேக்குறான்னு நான் பாக்குறேன்."

தங்கப்பொண்ணு குடித்தாள். இன்னொரு டம்ளர். இன்னொன்று. தண்ணீர் மோவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, சட்டை நனைந்தது. தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் அது குளிர்ச்சியாக இறங்குவதை உணர முடிந்தது. இனி மத்தியானத்துக்கு மேலும் குடிக்கலாம் என்று நினைத்தாள். வயிறு முட்டக் குடித்தாள்.

இயக்குநர் பதறிக்கொண்டு எழுந்தார். "ஏம்மா! ஏம்மா! அது பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டிய தண்ணி!"

"சேர வேண்டியதுதான்யா" என்றாள் மலையம்மாள். மிச்சத்தைக் கையில் ஏந்தி மகள் முகத்தைக் கழுவிவிட்டாள். பின்கழுத்தைக் கழுவினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் கேனைக் கவிழ்த்துத் தட்டினாள். மையத்தின் தரை முதன்முறையாக நனைந்தது.

அடுத்த மாதம் தென்கூடல் பல்கலைக்கழகத்துக்கு அதிஉயர் தரம் அறிவித்தார்கள். நாலுவழிச் சாலையில் பெரிய பதாகை வைத்தார்கள். அதில் பொன்னாடை போர்த்திய தங்கப்பொண்ணு கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் இப்போது மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். பக்கத்திலேயே எந்நேரமும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்திருக்கிறாள். மறு வருசம் பரீட்சை எழுதலாம் என்று சோணைமுத்து போனில் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் அடைத்துவிட்டால் போதுமாம்.

நீர்வள மையத்து ஏட்டில் அவள் பேருக்கு நேரே அது இன்னும் அடிபடாமல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தங்கப்பொண்ணு தர வேண்டிய பாக்கி: தண்ணீர், ஒரு வாளி.